ஒரு பள்ளத்துக்குள் இடமும் வலமும்

‘பீட்டில்ஸின் ரப்பர் சோல் ஆல்பம் எங்கள் வீட்டில் அப்பா காலத்து எல்பி இசைத்தட்டாகவும் இருக்கிறது, நான் பிற்பாடு வாங்கிய சிடியாகவும் இருக்கிறது. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் எல்பியில் பாட்டு அறை முழுக்கப் பரவி நிற்கிறது, சிடியில் அப்படி இல்லை. ஸ்டீரியோவுக்கு சிடிதான் உசத்தி என்கிறார்களே, அப்புறம் ஏன் இப்படி?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் பதில் ஒரு வரியில் முடியாது, ஏனென்றால் இந்த இரண்டு தட்டுகளும் இடது வலது என்பதையே வேறு வேறு விதமாகப் பதிந்து வைத்திருக்கின்றன.

சிடியை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். இடது ஸ்பீக்கருக்கான ஒலி அலை நொடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது, வலதும் அப்படியே. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண். இடதுக்கு ஓர் எண், வலதுக்கு ஓர் எண், மறுபடி இடதுக்கு ஒன்று என்ற வரிசையில் இவை எழுதப்படுகின்றன. லேசர் படிக்கிறது, பிளேயர் பிரித்துக் கொடுக்கிறது. எண்களாக இருக்கும்வரை ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தில் கசிய வழியே இல்லை. கசிவெல்லாம் பிளேயரின் மின்சுற்றில் நடப்பதுதான், அதுவும் நல்ல பிளேயரில் பாட்டைவிட 90 டெசிபலுக்கும் கீழே, காதுக்கே எட்டாது. 1982இல் வந்த சோனியின் முதல் சிடி பிளேயரான சிடிபி-101இல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முறை வைத்து வேலை செய்ததால் ஒரு பக்கம் மற்றதைவிட ஏறக்குறைய 11 மைக்ரோநொடி பிந்தியே வந்தது. அந்த நேரத்தில் ஒலி காற்றில் 4 மில்லிமீட்டர்கூடப் போகாது. தலையை லேசாகத் திருப்பினாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

எல்பி கதை வேறு. தட்டின் ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே பள்ளம், சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலத்தில், வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுருண்டு சுருண்டு போகிறது. அதில் ஓடும் ஊசியும் ஒன்றே ஒன்று. ஒற்றை ஊசி எப்படி ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளைப் படிக்கும்? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பள்ளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏர் உழுத சால் மாதிரி இருக்கும்: இரண்டு சரிவான சுவர்கள், ஒவ்வொன்றும் தட்டின் பரப்புக்கு 45 பாகைச் சாய்வில், ஆக இரண்டுக்கும் நடுவே சரியாக 90 பாகை. ஊசியை முன்னால் இருந்து பார்த்தால் தட்டின் நடுப்பகுதி நமக்கு இடப்பக்கம். அந்தப் பக்கச் சுவரில் இடது ஒலியும், எதிர்ச்சுவரில் வலது ஒலியும் நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. இப்போது இடது சுவர் மட்டும் நெளிகிறது, வலது சுவர் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது சுவர் ஊசியைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும், அதாவது வலப்பக்கமாகச் சாய்வாக மேலே. வலது சுவர் எந்தத் திசையில் ஏறிப் போகிறது? அதே திசையில்! ஊசி வலது சுவரின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய் வருகிறது, அந்தச் சுவரிலிருந்து விலகவும் இல்லை, அதை அழுத்தவும் இல்லை. ஊசியின் அசைவை மின்னலையாக மாற்ற பக்கத்துக்கு ஒரு கம்பிச்சுருள் உண்டு; வலது ஒலியைப் படிக்கும் சுருளுக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. 90 பாகை என்ற ஒரு கோணம்தான் இரண்டு ஒலிகளையும் பிரித்து வைத்திருக்கிறது. இதற்குள் ஒரு சிப் கிடையாது, வெறும் வடிவியல்.

இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி வந்தால், அதாவது பாடகர் நட்டநடுவில் நின்றால், இரண்டு சுவரும் ஒன்றாகத் தள்ளி ஊசி மேலே எம்ப வேண்டும் அல்லவா? அப்படி நடக்கக் கூடாது என்று வெட்டும் கருவியில் ஒரு பக்கத்து ஒலியை மட்டும் தலைகீழாக்கி வெட்டுகிறார்கள். ஒரு சுவர் முன்னே வரும்போது மற்றது பின்வாங்கும், ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். பிளேயரின் ஊசித்தலையில் வயரை மாற்றி இணைத்து அதை மறுபடி நேராக்கிவிடுகிறார்கள். இதனால் பக்கவாட்டு ஆட்டம் என்றால் இடதும் வலதும் கூட்டிய ஒலி, மேல்கீழ் ஆட்டம் என்றால் இடதிலிருந்து வலதைக் கழித்த ஒலி. இடம் வலம் என்று பிரிக்காத பழைய மோனோ தட்டுகளில் பக்கவாட்டு ஆட்டம் மட்டுமே இருந்ததால் அவை ஸ்டீரியோ ஊசியில் நடுவில் நின்று பாடின. மோனோ ஊசிக்கும் ஸ்டீரியோ தட்டிலிருந்து கூட்டிய ஒலி முழுசாகக் கிடைத்தது, மேலும் கீழும் அசைய அதற்கு இடம் இருந்தால் போதும்.

ஆதாயம் இருக்கும் இடத்தில் விலையும் உண்டு. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கு நெளிவு பெரிதாக வேண்டும். பேஸ் கிட்டாரை முழுக்க ஒரு பக்கம் தள்ளினாலோ, இரண்டு பக்கமும் எதிரெதிராக வந்தாலோ, அது மேல்கீழ் ஆட்டமாக மாறும். பள்ளம் சில இடங்களில் ஆழமின்றிப் போய் ஊசி வெளியே குதித்துவிடும். அதனால் தட்டு வெட்டுபவர்கள் தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் நடுவுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். மொத்த பேஸ் கூடினாலும் வம்புதான். 1969இல் லெட் ஸெப்பலின் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை பாப் லட்விக் என்ற தட்டு வெட்டும் பொறியாளர் பேஸும் சத்தமும் நன்றாக வரும்படி வெட்டினார், சாதாரண பிளேயர்களில் ஊசி எகிறியது, கம்பெனி அடக்கி வாசிக்கும்படி மறுபடி வெட்டி வெளியிட்டது. அந்த முதல் வெட்டுத் தட்டுகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

சரி, வாசகரின் கேள்விக்கு வருவோம். 90 பாகை கணக்கில் சரி, நிஜத்தில் ஊசி கொஞ்சம் சாய்ந்திருக்கும், சுருள்களும் ஒன்றையொன்று பாதிக்கும். ஒரு நல்ல ஊசித்தலையில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள பிரிவு 25 டெசிபல் அளவுதான், உச்ச ஒலிகளில் அதைவிடவும் குறையும். 25 டெசிபல் என்றால் ஒரு பக்கத்து ஒலியில் சுமார் 18இல் ஒரு பங்கு மறுபக்கம் கசிகிறது. ஸ்பீக்கரில் கேட்கும்போது இது பெரிதாகத் தெரியாது, எப்படியும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு காதிலும் விழுகிறது. அப்படியானால் எல்பி ஏன் விரிந்து கேட்கிறது? மோட்டாரின் அதிர்வு, தட்டின் மேடுபள்ளம், தூசு எல்லாம் ஊசியைப் பெரும்பாலும் மேலும் கீழும்தான் அசைக்கின்றன. மேல்கீழ் என்றால் கழித்த ஒலி, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் எதிரெதிராக வரும் ஒலி. அப்படி வரும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் சுட்டிக்காட்ட முடியாது, எங்கும் பரவி இருப்பதாகத் தோன்றும். அறை முழுக்க நிற்கிறது என்று வாசகர் சொன்னதில் ஒரு பங்கு பாட்டே இல்லை, தட்டின் சொந்தச் சலசலப்பு என்பது என் எண்ணம். அதை ரசிப்பதில் தவறே இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 1990 வாக்கில் சிடியின் ஓரத்தில் பச்சை மார்க்கரால் கோடு போட்டால் ஸ்டீரியோ விரியும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, அதற்கென்றே பேனா விற்றார்கள். தட்டில் இருப்பது எண்கள். பிழை திருத்தும் கணிதம் அவற்றைக் காவல் காக்கிறது, சரியாகப் படித்த எண்ணுக்குப் பச்சை மை பூசி அதை மேலும் சரியாக்க முடியாது. படித்தவர்களே இதற்குக் காசு கொடுத்தார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்த 45 பாகை யோசனை 1931 டிசம்பரில் லண்டனில் ஆலன் புளூம்லைன் என்ற, இஎம்ஐ இசைத்தட்டு கம்பெனியின் பொறியாளர் பதிவு செய்த காப்புரிமையில் வருகிறது, அப்போது அவருக்கு வயது 28. 1934 ஜனவரியில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட் ஒத்திகையை இந்த முறையில் வெட்டியும் காட்டினார். கம்பெனி அதை ஓரமாக வைத்தது. அவர் 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்துபோனார். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958 வாக்கில், அதற்குள் காப்புரிமையே காலாவதி. மூன்று வருடத்தில் பயன் என்ன என்று கேட்டுத்தான் பணம் ஒதுக்குவோம் என்கிறவர்கள் இந்த 27 வருடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவசரமில்லாத ஆராய்ச்சிக்கும் தாராளமாகப் பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

இனி ரப்பர் சோல். எந்த ஒலி எந்தப் பக்கம் என்று பிரித்துச் சேர்ப்பதைக் கலவை என்பார்கள். 1965இன் ஸ்டீரியோ கலவையில் பல பாட்டுகளுக்குக் குரல் முழுக்க வலப்பக்கம், டிரம்ஸும் பேஸும் இடப்பக்கம், நடுவில் ஏறக்குறைய காலி. 1987இல் சிடிக்காகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கலந்து, அந்தப் பிரிவைச் சற்று இறுக்கினார். 2009 ஸ்டீரியோ சிடியிலும் அந்தக் கலவைதான். ஆகவே வாசகரின் அப்பா வாங்கியது பழைய ஸ்டீரியோ எல்பி என்றால், அவர் ஒப்பிட்டது எல்பியையும் சிடியையும் இல்லை, 1965ஐயும் 1987ஐயும். நியாயமாக ஒப்பிட வழி இருக்கிறது. 2009இல் பீட்டில்ஸின் மோனோ சிடிகளைத் தொகுத்து வந்த பெட்டியின் ரப்பர் சோல் சிடியில் மோனோவுக்குப் பிறகு 1965 ஸ்டீரியோ கலவையும் சேர்த்திருக்கிறார்கள், அதை அப்பாவின் எல்பியோடு சத்தம் சமமாக வைத்துக் கேட்கலாம். 2012இல் வந்த புதிய ஸ்டீரியோ எல்பியை வாங்கிவிட வேண்டாம். அது 2009 டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியது, அதில் இருப்பதும் 1987 கலவைதான்.