கையெழுத்து எவ்வளவு தூரம் போகும்?

செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்க அதிபர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார், மலேசியச் சரக்குக்கு 24 விழுக்காடு வரி என்கிறார்கள். அப்புறம் 25 என்றார்கள், கடைசியில் 19. நம் பிரதமரால் இப்படிச் செய்ய முடியாதே? அங்கே மட்டும் ஒரே ஆளுக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி?”

2025 வரி விவகாரம் தொடங்கியதிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஒட்டுக்கடைகளில் இது அடிக்கடி காதில் விழும் பேச்சு. எங்கள் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், அவர்களும் கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: அதிபரின் கையெழுத்து நாம் நினைப்பதைவிடக் குறைந்த தூரம்தான் போகும். சில சமயம் மட்டும் மிக நீண்ட தூரம் போகும். அந்தச் சில சமயத்தைக் கடைசியில் பார்ப்போம்.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடலாம். நம் நாட்டில் நிர்வாக அதிகாரம் அரசமைப்பின்படி மாமன்னரிடம் இருக்கிறது, அதை நடத்துவது அமைச்சரவை. பிரதமர் மக்களவை உறுப்பினர், பெரும்பான்மை போனால் பதவியும் போகும். 2020 பிப்ரவரிக்கும் 2021 ஆகஸ்டுக்கும் இடையில் பொதுத்தேர்தல் ஒன்றுகூட இல்லாமலே மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். அமெரிக்காவில் அது நடக்காது. அங்கே நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் ஒரே ஆள், அவருக்கு நான்கு ஆண்டு நிச்சயம். காங்கிரஸ் என்கிற அவர்களுடைய நாடாளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லாமல் போனாலும் நாற்காலி ஆடாது. ஆனால் அவரோ அவருடைய அமைச்சர்களோ அந்த நாடாளுமன்றத்தில் உட்காரவும் முடியாது. நிர்வாகப் பதவியில் இருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அரசமைப்பே சொல்கிறது. ஆக, சட்டம் போடுவது ஓர் இடம், நிறைவேற்றுவது வேறோர் இடம், நடுவில் வாசல் கிடையாது.

அதிபருக்குக் கீழே 15 அமைச்சுகள், அவை போக ஏராளமான முகமைகள். படைவீரர்களைச் சேர்க்காமல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். இவர்களில் அதிபர் தன் விருப்பப்படி நியமிக்கக்கூடியது சுமார் 4,000 பேரை. அதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு செனட் என்கிற மேலவையின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்கள் தகுதி பார்த்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். ஒரு காலத்தில் அப்படி இல்லை. ஜெயித்த கட்சிக்காரர்களுக்கே வேலை என்பதுதான் வழக்கம். 1881இல் பாரிஸ் தூதரகத்தில் பதவி கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான், அதில் அவர் இறந்தார். 1883இல் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. சிபாரிசுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் பழக்கம் நம் பக்கமும் இருப்பதால் இந்தக் கதையை எனக்குப் பிடித்தவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

சரி, அதிபர் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போடுகிறார். அது யாருக்குப் போகிறது? அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு. தோட்டத்துத் துரை விடியற்காலைப் பெரட்டில் மண்டோரிடம் “இன்று மேட்டுப் பக்க நிரைகளுக்கு உரம் போடச் சொல்” என்றால் மண்டோர் கேட்டாக வேண்டும். அதே துரை மெயின் ரோட்டில் வாழைப்பழம் விற்கும் ஆச்சியைக் கூப்பிட்டு உரம் போடச் சொல்ல முடியாது. வெளியாள் ஒருவரைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அந்த ஆணைக்குப் பின்னால் காங்கிரஸ் போட்ட சட்டமோ அரசமைப்பின் வரியோ இருக்க வேண்டும். 1952 ஏப்ரலில் அன்றைய அதிபர் ட்ரூமன் இதைச் சோதித்துப் பார்த்தார். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது, இரும்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக இருந்தார்கள். ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று ஆணையிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். ஆலைகளை அன்றே திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்படியானால் இவ்வளவு பெரிய நிர்வாகம் மக்களைக் கட்டுப்படுத்துவது எப்படி? விதிகள் மூலம். காங்கிரஸ் “காற்று சுத்தமாக இருக்க வேண்டும்” என்று சட்டம் போடும். எந்தப் புகைபோக்கியில் எவ்வளவு புகை வரலாம் என்பதை அதற்குரிய முகமை விதியாக எழுதும். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததெல்லாம் இந்த விதி பிறக்கும் முறைதான். அதிபர் மேசையில் பேனா பிடித்திருக்கும் படத்தைத் தொலைக்காட்சிகள் போடுகின்றன. விதி பிறப்பதைப் படம் எடுக்க முடியாது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். 1933இல் எண்ணெய் விலை படுமோசமாக விழுந்திருந்தது. ஒதுக்கீட்டுக்கு மேல் எடுத்த எண்ணெயை மாநிலம் தாண்டி அனுப்பக் கூடாது என்று ரூஸ்வெல்ட் நிர்வாகம் தடை போட்டது, அடுக்கடுக்காக ஆணைகளும் விதிகளும் எழுதியது. மீறியதாகச் சொல்லி டெக்சாஸில் சிலரைப் பிடித்து உள்ளேயும் வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே போகும்போதுதான் ஒன்று தெரிந்தது: அவர்களைக் குற்றவாளியாக்கிய பத்தி நிர்வாகம் எழுதிய விதித்தொகுப்பில் இல்லவே இல்லை! நடுவில் ஏதோ திருத்தம் செய்தபோது தவறுதலாக நீக்கிவிட்டிருக்கிறார்கள். கைது செய்தவருக்கும் தெரியாது, கைதானவருக்கும் தெரியாது, அரசு வக்கீலுக்கும் தெரியாது. இந்த விதிகளெல்லாம் எங்கே கிடைக்கும் என்று நீதிபதி பிராண்டைஸ் கேட்க, தான் பார்த்த ஒரே பிரதி வாஷிங்டனிலிருந்து டெக்சாஸுக்கு வந்த அரசு ஊழியர் ஒருவரின் பின்பாக்கெட்டில் இருந்தது என்றார் எண்ணெய் நிறுவனத்தின் வக்கீல்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்கிற கெஜட். 1935இல் சட்டம், 1936 மார்ச்சில் முதல் இதழ். வேலைநாள்தோறும் வெளிவருகிறது. அதில் ஏறாத விதியை, அது தெரியாத ஒருவர்மேல் பிரயோகிக்க முடியாது.

அடுத்து 1946இல் நிர்வாக நடைமுறைச் சட்டம் வந்தது. விதி எழுதப்போகும் முகமை, வரைவை முதலில் கெஜட்டில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், குடியுரிமை கேட்பதில்லை. பொதுவாக ஒன்று இரண்டு மாதம் தருவார்கள். அதற்குப் பிறகு முகமை இறுதி விதியை வெளியிடும்போது, வந்த கருத்துகளில் கனமான ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் எழுதியிருக்க வேண்டும். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று எழுதித் தப்பிக்க முடியாது. முக்கியமான ஒரு கேள்வியைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் நீதிமன்றம் விதியையே தூக்கி எறியும். பெரிய விதிகளென்றால் வெள்ளை மாளிகையில் செலவு-பயன் கணக்குப் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்று வரைவையும் இறுதி வடிவத்தையும் சலித்துப் பார்க்கும். அதிபரின் கை விதிக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

இது நம் ஊரைத் தொட்ட கதையும் உண்டு. 2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட எரிசக்திச் சட்டத்தின்படி, தாவர எரிபொருள் அங்கே புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கில் சேர வேண்டுமானால், பெட்ரோலிய எரிபொருளைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகப் பசுங்குடில் வாயுவை வெளியிட வேண்டும். கணக்குப் போடும் வேலை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு. 2012 ஜனவரி 27 அன்று அந்த முகமை செம்பனை எண்ணெயைப் பற்றிய தன் கணக்கைக் கெஜட்டில் வெளியிட்டது. செம்பனை பயோடீசலுக்கு 17 விழுக்காடு குறைவு, அதே எண்ணெயை வேறு முறையில் பதப்படுத்திச் செய்யும் புதுப்பிக்கத்தக்க டீசலுக்கு 11. இரண்டுமே தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்பதை இந்த ஊரில் நின்றாலே புரிந்துகொள்ளலாம். ஒன்று, ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளம். அந்த நாற்றம் நமக்குப் பழகிப்போனது. காற்றுப் புகாத அந்தக் குளத்தடியில் நுண்ணுயிர்கள் எண்ணெய்ப் பிசுக்கையும் நார்த்தூளையும் தின்று மீத்தேனை விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல 25 மடங்குக்கும் மேல் சூடேற்றும். இன்னொன்று காம்புட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, பாதி மட்கியும் மட்காமலும் பல அடி ஆழத்துக்குக் கிடக்கும் இலைதழை அது. கன்று நட வேண்டுமானால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்ததும் காற்று உள்ளே போகும், சேர்ந்துகிடந்த கரிமம் எல்லாம் மெல்ல மெல்ல வாயுவாகிப் பறக்கும். நிலம் தாழ்ந்துகொண்டே போவதால்தான் அங்கே செம்பனைகள் வேர் தெரியச் சாய்ந்து நிற்கின்றன. கடும் வெயில் காலத்தில் ராஜா மூசா காட்டுப் பக்கம் மண்ணே புகைவதும் இதனால்தான்.

முகமை கருத்துக்கு முதலில் ஒரு மாதம் கொடுத்தது, பிறகு நீட்டித்து நீட்டித்து ஏப்ரல் 27 வரை திறந்து வைத்தது. மலேசிய, இந்தோனேசிய அரசுகள் எழுதின, தொழில்துறையினர் எழுதினார்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதின. எத்தனை ஆலைகள் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்குகின்றன, புதுத் தோட்டங்களில் எவ்வளவு காம்புட் நிலத்துக்குப் போகும் என்று எண்களுக்கு எதிராக எண்கள். இறுதி முடிவு வராமலே ஆண்டுகள் ஓடின. ஆனால் அந்தக் கடிதங்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இணையத்தில் யாரும் திறந்து படிக்கலாம். வல்லரசு ஒன்றின் நிர்வாகம், தன் கணக்கை வேற்று நாட்டு ஊர்க்காரர்கள்கூடத் திருத்தட்டும் என்று காகிதத்தை நீட்டுகிறது என்பதே எனக்கு வியப்பு.

இந்த இடத்தில் என் சொந்த மனத்தாங்கல் ஒன்று. அந்த வாதத்தில் யார் நிலத்தில் இறங்கி அளந்திருக்கிறார்களோ அவர்கள் பேச்சுதான் எடுபடும். நம் காம்புட் மண்ணிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளக்க, நம் பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் தாராளமாகப் பணம் தர வேண்டும். விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். “பலமான தலைவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிற நம்பிக்கையை நான் தாயத்துக் கட்டிக்கொள்வதோடுதான் சேர்ப்பேன்.

விதி ஒன்று வந்துவிட்டால் புதிய அதிபர் அதை அழித்துவிடலாமே என்று தோன்றும். வந்த வழியாகத்தான் அது போகவும் வேண்டும். கார்களில் காற்றுப் பையோ தானாகப் பூட்டிக்கொள்ளும் வாரோ கட்டாயம் என்று முந்தைய நிர்வாகம் போட்ட விதியை, ரீகன் நிர்வாகம் 1981இல் ரத்து செய்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. தானியங்கி வாரை மக்கள் கழற்றிவிடுவார்கள் என்றீர்கள், சரி, காற்றுப் பையை ஏன் பரிசீலிக்கவே இல்லை என்று கேட்டது. கொள்கையை மாற்றலாம், அதற்குத் தேர்தல் முடிவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கோப்பில் கிடக்கும் ஆதாரத்துக்குப் பதில் சொல்லாமல் மாற்றக் கூடாது.

இப்போது வாசகரின் வரிக்கு வருவோம். இவ்வளவு தடுப்பு இருக்கும்போது 24, 25, 19 என்று எப்படி அவ்வளவு வேகமாக மாறியது? 1946 சட்டம் கட்டுப்படுத்துவது முகமைகளை. அதிபர் முகமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சொல்லிவிட்டது. காங்கிரஸ் ஓர் அதிகாரத்தை முகமைக்குத் தராமல் அதிபரின் கையிலேயே நேராகக் கொடுத்திருந்தால், வரைவு வேண்டாம், கருத்து வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். வெளிநாட்டு விவகாரங்களுக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கையெழுத்து நீண்ட தூரம் போகும் என்று தொடக்கத்தில் சொன்னது இந்த இடத்தைத்தான்.

2025 ஏப்ரலில் அதிபர் கையில் எடுத்தது 1977இல் காங்கிரஸ் போட்ட ஓர் அவசரகாலப் பொருளாதாரச் சட்டம். இறக்குமதியை “ஒழுங்குபடுத்தலாம்” என்று அதில் இருக்கிறது, வரி என்ற சொல் இல்லை. அரசமைப்பு வரி போடும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆகவே ட்ரூமனிடம் கேட்ட அதே கேள்வி மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மே மாதம் பன்னாட்டு வணிக நீதிமன்றமும் ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன, பிறகு வழக்கு உச்ச நீதிமன்றப் படியேறியது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒயின் தருவித்து விற்கும் வியாபாரி. இன்னொரு வழக்கு, பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு குடும்ப நிறுவனம் போட்டது.