பேக்ஸ்பேஸ் யார் பேச்சைக் கேட்கும்?

நீளமான விண்ணப்பப் படிவம். பெயர், முகவரி, பின்கோடு வரை அடித்தாயிற்று. கடைசி எண் தப்பு என்று பேக்ஸ்பேஸைத் தட்டினால், எண் அழியவில்லை; பக்கமே பின்னால் போய்விட்டது. கர்சர் கட்டத்துக்கு வெளியே நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அடித்ததெல்லாம் போச்சு.

கட்டத்துக்குள் இருந்தால் அழி, வெளியே இருந்தால் முந்தைய பக்கத்துக்குப் போ என்று ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுத்ததன் வினை இது. 2016இல் 52ஆம் பதிப்போடு குரோம் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2021 வரை இழுத்தது. இப்போது பின்னால் போக ஆல்ட்டையும் இடது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்த வேண்டும். கை தவறி அமுங்காது. பழகிப்போனவர்கள் விடவில்லை. பழைய பேக்ஸ்பேஸைத் திருப்பித் தர கூகுளே ஒரு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) வெளியிட வேண்டியதாயிற்று.

விசையை அழுத்தியதும் அது முதலில் போவது இயங்குதளத்திடம். ஆல்ட்-டேப் போன்றவற்றை அது அங்கேயே எடுத்துக்கொள்ளும். மிச்சம் பிரவுசருக்கு. அதிலும் கன்ட்ரோல்-டி (T), கன்ட்ரோல்-என் (N), கன்ட்ரோல்-டபிள்யூ (W) மூன்றையும் குரோம் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது; சாதாரண டேபில் திறந்திருக்கும் பக்கத்தின் கண்ணில்கூடக் காட்டாது. காட்டினால், மூடவே விடாத மோசடிப் பக்கங்கள் முளைத்துவிடும். மற்றவை பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலிடம் முதலில் போகும். அது ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் பிரவுசர் ஒதுங்கிக்கொள்ளும். பயர்பாக்ஸில் சாய்கோட்டை அழுத்தினால் பக்கத்துக்குள் தேடும் பட்டை கீழே வரும்; அதே விசை யூடியூபில் மேலே உள்ள தேடல் பெட்டிக்குத் தாவும். காரணம் இதுதான்.

பிரவுசர்களுக்குள்ளும் ஒற்றுமை போதாது. குரோமிலும் எட்ஜிலும் தடம் பதியாத ஜன்னலுக்கு கன்ட்ரோல்-ஷிப்ட்-என். பயர்பாக்ஸில் அதே மூன்றையும் அழுத்தினால், கடைசியாக மூடிய ஜன்னல் எழுந்து வந்து நிற்கும். மறைக்க நினைத்தவருக்கு இதைவிடச் சங்கடம் வேண்டாம். அங்கே என்னுக்குப் பதில் பி (P). குரோமில் அந்த பி-யைத் தொட்டால் பிரிண்ட் பெட்டி.

ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கன்ட்ரோல்-டேபில் என் ஓட்டு பயர்பாக்ஸுக்கு. குரோம் டேப்களுக்கிடையே வரிசைப்படி இடமிருந்து வலமாகத்தான் நகரும். பயர்பாக்ஸ் அமைப்புகளில் ஒரு டிக் இருந்தால் போதும், கடைசியாகப் பார்த்த டேபுக்குத் திரும்பும். இரண்டு பக்கங்களை ஒப்பிட்டு வேலை செய்பவருக்கு அதுதான் தேவை. மேக்கின் சஃபாரியில் டேப் விசை இணைப்புகளைத் தொடாமலே தாண்டிப் போகும். ஆப்ஷனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மவுஸ் இல்லாமல் உலாவுகிறவர்களுக்கு இது தேவையில்லாத தொல்லை.

எல்லாரும் ஒத்துப்போகிற இடம், தவறி மூடிய டேபை மீட்கும் ஷிப்ட்-டி (T). விண்டோஸில் அதோடு கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட். குரோமின் மறைநிலை ஜன்னலில் மட்டும் மூடியது மூடியதுதான்.