பழைய கார் சூடாகிறதா? எப்போது என்று முதலில் பாருங்கள்

"வண்டி ஹீட் ஆகுது" என்று வருபவரிடம் மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது, "எப்போது?" சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போதா, ஏசி போட்டால் மட்டுமா, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயேவா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பானட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். கேட்காமல் ஆரம்பித்தால் இன்று ரேடியேட்டர், அடுத்த வாரம் வாட்டர் பம்ப், அதற்கடுத்து ஃபேன் மோட்டார் என்று பாகங்கள்தான் மாறிக்கொண்டிருக்கும். சூடு அப்படியே இருக்கும்.

நெரிசலில் மட்டும் சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இறங்கினால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. என்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். ரேடியேட்டருக்கும், அதன் முன்னால் நிற்கும் ஏசியின் கண்டென்சருக்கும் தனித்தனி ஃபேன் உள்ள பழைய கார்களில் ஏசி போட்டால் கண்டென்சர் ஃபேன் மட்டும் சுற்றலாம். அதை வைத்து ரேடியேட்டர் ஃபேனும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். அதே பெட்டியில் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்த்துவிடலாம், செலவே இல்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் எவ்வளவு சூடானாலும் தானாகச் சுற்றவில்லை என்றால், சென்சாரையோ தெர்மோ ஸ்விட்சையோ சந்தேகப்படுங்கள்.

ஃபேன் சுற்றினாலே போதும் என்பதும் இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் மெதுவாகச் சுற்றும், பார்வைக்குத் தெரியாது. மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து, காற்றைப் பின்னோக்கி இழுக்க வேண்டிய ஃபேன் முன்னோக்கித் தள்ளுகிற வண்டிகளும் உண்டு. இதற்குச் சோதனை எளிது: ஃபேன் சுற்றும்போது ஒரு தாளை கண்டென்சரின் முன்பக்கம் வையுங்கள். தாள் கண்டென்சரோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் திசை தவறு அல்லது வேகம் போதவில்லை. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து, யாரோ கழற்றி எறிந்திருந்தாலும் இதே கதிதான்: காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் வந்துவிடும்.

டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து ஃபேனை 'டைரக்ட்' செய்து தருவது நம் ஊரில் சர்வசாதாரணம். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் மெல்லிய வயரில் அந்த கரண்ட் ஓடினால் ஸ்விட்ச் உருகும், வயர் தீப்பிடிக்கும். அவசரத்துக்கு ஊர் போய்ச் சேரலாம். நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பலரும் பார்க்காமல் விடும் இடம், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரலளவு இடைவெளி. பத்து வருடம் ஓடிய காரில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: புழுதி, பூச்சி இறகு, வேப்பங்காம்பு, பஞ்சு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒரு பாய்போல ரேடியேட்டரின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏசி போட்டால் மட்டும் சூடேறும் வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை நேராகக் காட்டினால் அலுமினியத் தகடுகள் மடங்கி வழியையே அடைத்துவிடும். பிரஷரைக் குறைத்து, என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கிக் கழுவ வேண்டும்.

நெடுஞ்சாலையில் வேகம் கூடக் கூட முள்ளும் ஏறினால் காற்றுக்குக் குறைவில்லை. என்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவமான கூலன்ட்தான் போதிய அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால், சூடான என்ஜினில் ரேடியேட்டர் முழுவதும் அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருக்கும் இடங்கள் அடைத்த குழாய்கள். பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டரைத் திறந்து ராட் விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் பலிக்காது, மாற்றுவதே மிச்சம். வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் துருப்பிடித்துக் கரைந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். பம்ப் வெளியே ஒழுகாமலேயே உள்ளே செத்திருக்கும்.

வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டும் சேர்ந்து சோதிக்கப்படும்: என்ஜினுக்கு முழுச் சுமை, வண்டிக்கு வேகமே இல்லை. சமவெளியில் ஒப்பேற்றிய பாதி அடைத்த ரேடியேட்டர் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். மலை ஏறினால் எல்லா வண்டியும் சூடாகத்தான் செய்யும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள சிறிய காரும், சரியான கியரில் போனால், ஏறி முடிக்கும் வரை முள்ளை நடுவிலேயே வைத்திருக்கும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடேறி, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், என்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும்; 95 டிகிரி அளவில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. எடுத்தால் என்ஜின் தன் இயல்பான சூட்டுக்கு வராது. பெட்ரோல் கூடுதலாகப் போகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியை மூடும்படி அமைந்த என்ஜின்களிலோ விளைவு நேர்மாறு: பைபாஸ் எப்போதும் திறந்தே கிடப்பதால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

ரேடியேட்டர் மூடி சில நூறு ரூபாய் சாமான். ஆனால் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, வெறும் தண்ணீரையே சுமார் 118 டிகிரி வரை கொதிக்கவிடாது. ரப்பர் தேய்ந்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும். ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிந்து, வண்டி குளிர்ந்த பிறகும் கூலன்ட் ரேடியேட்டருக்குத் திரும்பவில்லை என்றாலோ, மேல் ஹோஸ் உள்ளொடுங்கிக் கிடந்தாலோ மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் உள்ளதையே வாங்குங்கள்.

இத்தனைக்கும் வேர் பெரும்பாலும் போர் தண்ணீர். அதன் உப்பு ரேடியேட்டர் குழாயில் படியும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீரே சேர்க்கக்கூடாது. நிறத்தை நம்பி வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள், பச்சையெல்லாம் ஒரே பச்சை இல்லை. மாற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்புங்கள். காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் குமிழி நிற்கும் வரை திறந்து வையுங்கள். பின்னாளில் கேஸ் கிட் மாட்டிய கார்களில் கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்குப் போகும் ஹோஸ் இணைப்புகள் ஒழுகவும் காற்று அடைக்கவும் வசதியான இடங்கள். அங்கே கிளாம்ப்களைக் கட்டாயம் பாருங்கள். வடித்த கூலன்டைத் தரையில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

ஓட்டும்போது முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் முழுதாக வையுங்கள். சென்னை வெயிலில் கொடுமைதான், ஆனால் ஹீட்டர் இன்னொரு சின்ன ரேடியேட்டர். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ஆவி இல்லையென்றால் சாவியை மட்டும் ஆன் செய்து ஃபேனை ஓடவிடலாம். ஒன்றில் ஏமாறாதீர்கள்: கூலன்ட் முழுதும் கொட்டிப்போனால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், அப்போது முள் சட்டென்று கீழே இறங்கலாம். சரியாகிவிட்டது என்று நினைத்து மேலும் ஓட்டினால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். முக்கால் மணி நேரமாவது கழியாமல் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிப்பு விடும்.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய என்ஜினில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்காமல் விடக்கூடாது. ஒழுகலே இல்லாமல் கூலன்ட் குறைவது, ரேடியேட்டரில் குமிழி, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டிப்ஸ்டிக்கில் பால் நிற ஆயில் ஆகியவை அது போய்விட்டதன் அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்மை இருந்தால் குளிரில் குறுகிய தூரமே ஓடிய வண்டியின் ஈரமாகவும் இருக்கலாம். கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதாது. ஹெட்டை ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்க வேண்டும். பல சிறிய என்ஜின்களில் அனுமதி 0.05 மி.மீ. மட்டுமே. கூடினால் லேத்தில் கொடுத்துச் சீவி மட்டமாக்கும் ஃபேசிங். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சில், நடுவிலிருந்து வெளிப்புறமாக, மேனுவல் சொல்லும் வரிசையில் முறுக்க வேண்டும்.

பழைய கார் பார்க்கப் போகும்போது, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே துருத் தண்ணீரா, கூலன்டா, ஒழுகலை அடைக்கப் போட்ட பொடியின் சேறா என்று தெரியும். முன்சீட்டின் கார்பெட்டுக்கு அடியில் இனிப்பு வாடையோடு ஈரம் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அரை மணி நேரம் ஓட்டி வந்து, ஏசியோடு 10 நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகினால் கூலன்ட் சூடு எண்ணாகவே போனில் தெரியும்: ஃபேன் வந்து வந்து நின்று, ஏறக்குறைய 85-க்கும் 100-க்கும் இடையில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 70-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். அப்படிக் கழற்றியிருந்தால், அந்த வண்டி முன்பு எதற்காகச் சூடேறியது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள்.