பழைய வாஷர் எங்கே?

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நோர்வூட் பக்கமிருந்து ஒரு சின்னக் காரை லொறியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார்கள். கார்க்காரத் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நேத்துத்தான் நானே ஒயிலும் பில்டரும் மாத்தினேன். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகல. ஏத்தத்துல சிவப்பு லைட் வந்துச்சு. சரி, மேல ஏறிட்டு நிப்பாட்டுவோம்னு வந்தேன்."

அடியில் படுத்துப் பார்த்தால் பில்டரைச் சுற்றி ஒரே ஒயில். பில்டரைக் கழற்றினேன். எஞ்சின் பக்கத்தில், பில்டர் உட்காரும் இடத்தில், பழைய பில்டரின் ரப்பர் வாஷர் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. தம்பி அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதுசை முறுக்கிவிட்டார். ரப்பரின் மேல் ரப்பர். வீட்டு வாசலில் சும்மா ஓடும்போது அது தாங்கும். இரண்டாம் கியரில் எஞ்சின் இரைந்துகொண்டு ஏறும்போது ஒயிலின் அழுத்தம் கூடி, ஒரு பக்கமாகப் பிதுங்கிவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் மூன்று லீற்றர் சொச்சமும் ரோட்டில்தான்.

அந்தச் சிவப்பு லைட்டைப் பெற்றோல் லைட் மாதிரி நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது எரிந்தால் ஒயிலின் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். தம்பி மேலே ஏறி முடிப்பதற்குள் பேரிங் தேய்ந்து, அதற்குள் சுழலும் கிராங்க் தண்டிலும் கோடு விழுந்துவிட்டது. மிச்சம் பிடித்தது பில்டர் மாற்றும் கூலி, செலவானது லேத் வேலைக்கு.

இதற்காக வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறி இறங்கும் வண்டியின் எஞ்சின், மீட்டர் காட்டுவதைவிட அதிகம் உழைக்கிறது. கீழ்நாட்டுக்காரர் மாற்றும் கணக்குக்கு முன்பே நாம் ஒயிலை மாற்றுவது நல்லது, பில்டரையும் கூடவே. பழகிவிட்டால் ஒரு மணித்தியால வேலை.

பழைய பில்டரைக் கழற்றியதும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அதன் வாயைப் பாருங்கள். வாஷர் அங்கே இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் எஞ்சினில்தான் இருக்கிறது. விரலை வைத்துத் தடவினால் அகப்படும். அதை எடுத்து, அந்த இடத்தைச் சுத்தமான துணியால் துடையுங்கள். புது வாஷரில் கொஞ்சம் புது ஒயில் பூசிக் கையாலேயே ஏற்றுங்கள். ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று போதும், பெட்டியில் வேறு கணக்குப் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால், அடுத்த முறை கழற்ற என்னிடம்தான் வருவீர்கள்.

எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தால் போதும். ஓடி வந்த கையோடு படுத்தால், பக்கத்தில் போகும் சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது ஜாக்தான். நம் பக்கம் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. லயத்து வாசலில் நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். சின்னக் கார்களில் ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடியும் போய்விடும். ஆகவே கோயில் முன்றலோ பள்ளிக்கூட மைதானமோ, கேட்டுக்கொண்டு தட்டையான இடத்துக்குப் போங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மழையில் ஊறிய மண்ணில் ஜாக் புதையும், அடியில் கனமான பலகை வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், அது டயர் மாற்றத்தான். பிறகு ஒயில் அளவு பார்ப்பதற்கும் தட்டையான தரை தேவை. சரிவில் நிற்கும்போது கம்பி பொய்க் கணக்குச் சொல்லும்.

ஸ்டார்ட் செய்தால் சிவப்பு லைட் சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கொஞ்சம் ஓடவிட்டு, எஞ்சினை இரண்டு மூன்று முறை இரையவிட்டு, டோர்ச் அடித்து பில்டரைச் சுற்றிப் பாருங்கள். முதல் ஏத்தம் ஏறிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

கழிவு ஒயிலைக் கானில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நோர்வூட் கான் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவுக்குப் போய், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரும் அதுதான். பழைய பில்டருக்குள்ளேயும் ஒயில் நிற்கும். ஒரு இரவு கவிழ்த்து வைத்து வடியுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள கேனில் நிரப்பி, கழிவு ஒயில் சேர்க்கிற சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம்.

அந்தத் தம்பி இப்போதும் தானேதான் மாற்றுகிறார். புது பில்டரின் மேல் மார்க்கரால் திகதியும் மீட்டர் கணக்கும் எழுதுவார். போன தடவை அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "பழைய வாஷர் எடுத்தாச்சு."