'அடிப்படை முடிச்சு' வேண்டாம், மூளையடித் திரள் என்போம்

பார்க்கின்சன் நோய் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும், மூளைக்குள் இருக்கும் ஒரு பகுதிக்குப் பெயராக 'அடிப்படை நரம்பு முடிச்சுகள்' வந்து நிற்கிறது. கொழும்பில் மும்மொழியில் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறது, இப்போது வானொலியிலும் சொல்கிறார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கில மூலச்சொல் பேசல் கங்லியா. கங்லியன் கிரேக்கச் சொல், புடைப்பு என்று பொருள். பேசல் என்றால் அடியில் உள்ள. பெருமூளையின் அடிப்பக்கத்தில் ஆழமாக இருப்பதால் அந்தப் பெயர். அவ்வளவுதான்.

இதில் 'அடிப்படை' எங்கிருந்து வந்தது? அடிப்படை உரிமை, அடிப்படைச் சம்பளம் என்கிறோமே, அங்கே இடத்தையா சொல்கிறோம்? இடத்தைச் சொல்ல 'அடி' போதும்: அடிவயிறு, அடித்தொண்டை, அடிமரம். அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முடிச்சு இன்னும் மோசம். தமிழ்க் காதுக்கு முடிச்சு என்றால் சிக்கல், அவிழ்க்க வேண்டியது. "அப்பாவுக்கு மூளைக்குள்ள முடிச்சு இருக்காம், ஒப்பரேஷன் செய்து எடுக்கலாமோ?" என்று வெள்ளவத்தையில் ஒரு அக்கா கேட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை. எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே இருக்கிற பகுதிக்கு நோயின் பெயரைப் போல ஒன்றை வைத்தால் வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

அங்கே இருப்பவை நரம்புக் கலங்களின் கூட்டங்கள். அசைவைக் கட்டளையிடுவது பெருமூளையின் வெளிப்படையான புறணி. இந்தக் கூட்டங்கள் அதற்குப் பிரேக் மாதிரி. சும்மா இருக்கும்போது, புறணிக்குச் செய்தி கடத்தும் தலமஸ் என்ற பகுதியை அடக்கியே வைத்திருக்கும். நாம் கையைத் தூக்க நினைத்ததும் அந்த அசைவுக்கான பிடியை மட்டும் தளர்த்தி, வேண்டாத அசைவுகளை அழுத்திப் பிடிக்கும். பிடி தளர டோபமைன் என்ற இரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் கலங்கள் நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு பகுதியில் இருக்கின்றன, அவை அழிந்துபோனால் பிடி தளராது. நடை மெதுவாகும், கைகால் விறைக்கும், நடுங்கும். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நோய் இது. ஹன்டிங்டன் நோயில் மறுபக்கம்: பிடி விட்டுப்போய், நினைக்காத அசைவெல்லாம் வரும்.

படித்தவர்கள் சிலர் 'அடிக்கருக்கள்' என்கிறார்கள். அதற்கு நியாயம் உண்டு. இன்றைய உடற்கூற்றியலில் கங்லியன் என்பது மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே உள்ள கலக் கூட்டத்துக்கான பெயர், அதனால் சர்வதேசப் பெயரிடலிலேயே இவற்றை நியூக்ளியஸ், அதாவது கரு என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கலத்துக்குள் இருப்பதும் கரு, வயிற்றில் வளர்வதும் கரு, கருநிறம் என்றால் அங்கேயும் கரு. ஒரே பந்தியில் இத்தனை கருவையும் வைத்து எழுதிப் பாருங்கள், தெரியும்.

நான் சொல்வது மூளையடித் திரள்கள். திரட்டு அல்ல, திரள். திரட்டு ஒருவர் சேர்த்து வைத்தது, திரள் தானாகச் சேர்ந்தது. மேகத்திரள், மக்கள் திரள் என்று ஊரில் வழங்குகிற சொல், புதிதாக எதையும் செய்யவில்லை.

மும்மொழி வேலைகளில் தமிழ் கடைசியில், அச்சுக்குப் போகும் அவசரத்தில் நடக்கிறது. தமிழ்ப் பிரதியை நோயாளியின் வீட்டார் ஒருவரிடமாவது கொடுத்து, என்ன விளங்கியது என்று கேட்டிருந்தால் இந்த முடிச்சு அச்சுக்கே போயிருக்காது. திரள் பிடிக்காவிட்டால் பேசல் கங்லியா என்றே எழுதுங்கள், விளங்காத சொல்லுக்கு வைத்தியரிடம் விளக்கம் கேட்பார்கள். முடிச்சு என்று எழுதினால் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.