கரை சரிவது அடியில், காசு போவது மேலே

கால்வாய்க் கரை பெரும்பாலும் வெள்ளம் நிறைந்து ஓடும்போது விழுவதில்லை. மழை விட்டு, தண்ணீர் மளமளவென இறங்கிய பிறகுதான் சரியும். நிறைந்து நிற்கும் தண்ணீர் கரைக்கு ஒரு முட்டு. அது இறங்கியதும் முட்டு போய்விடும். கரைக்குள் ஊறிய நீர் மட்டும் வடிய நேரமில்லாமல் மண்ணை வெளியே தள்ளும். வடசென்னையில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய கொசஸ்தலையாற்றுக் கரைக்குக் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் அது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே அடிமண் போயிருக்கும். புழல் ஏரி உபரிநீர்க் கால்வாய் மாதிரி ஒரு கால்வாயில் 2 மீட்டர் ஆழம், 2,000-க்கு 1 வாட்டம் (2,000 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு) என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஓடும் நீர் தரையை இழுக்கும் விசை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 நியூட்டன். 0.3 மி.மீ. மணலை நகர்த்த 0.2 நியூட்டனே போதும். மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 2.4 கன மீட்டர் ஓடினால், அரிப்பு ஆழத்தைக் கணக்கிடும் லேசி சூத்திரப்படி மிதமான வளைவில் அரிப்பு வெள்ள மட்டத்திலிருந்து 3.6 மீட்டர் வரை இறங்கும். அதாவது கால்வாய்த் தரைக்கும் கீழே 1.6 மீட்டர்.

கரையைத் தாங்கக் கட்டும் சுவரின் அடி அந்த ஆழத்தைத் தாண்ட வேண்டும். ஊற்று நீரை இறைத்துக்கொண்டே அவ்வளவு தோண்ட முடியாத இடத்தில், தரைமேல் கருங்கல் நிரப்பிய கம்பிவலைப் பாயை 2.4 மீட்டர் அகலத்துக்கு விரிப்பார்கள். அடியில் மண் போகப் போக, பாய் மடங்கி இறங்கிப் பள்ளத்தைப் போர்த்தும். கல் 150 முதல் 250 மி.மீ. வரை இருக்கட்டும், வலைக்கண்ணைவிடச் சிறிய கல் நழுவிவிடும். உப்பங்கழிப் பக்கம் பி.வி.சி. பூச்சில்லாத கம்பி சீக்கிரம் துருப்பிடித்து அறும். கல்லுக்குப் பின்னால் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி கட்டாயம். அதை விட்டால் கல் அப்படியே நிற்கும், மண் மட்டும் இடுக்கு வழியே வெளியேறும். கான்கிரீட் சுவர் என்றால் பின்னால் தேங்கும் நீர் வடிய 75 மி.மீ. குழாய் வடிதுளைகள், பின்னால் ஜல்லி. இல்லாவிட்டால் முதல் பத்தியில் சொன்ன தள்ளல் முழுவதையும் சுவரே தாங்க வேண்டும்.

இனி காசு. ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையுடையவை. சிறு கால்வாய்களும் தெரு வடிகால்களும் மாநகராட்சியுடையவை. கொசஸ்தலையாறு வடிநிலத்து மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் சென்னை வடிநிலத்துக்கென 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. அதில் 500 கோடி ஒன்றிய உதவி. மாநில அளவில், 15-ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியை நிவாரணத்துக்கு 80, தணிப்புக்கு (பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கு) 20 விழுக்காடு எனப் பிரித்தது. சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை அடுக்கும் அவசர வேலை நிவாரணக் கணக்கு. நிரந்தரக் கரைக்குத் தணிப்பு நிதியையோ மூலதனச் செலவையோதான் தேட வேண்டும்.

சிக்கல் இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. சுவர் மூலதனச் செலவு. தூர்வாருதல் ஆண்டுப் பராமரிப்பு. இரண்டும் வேறு எஸ்டிமேட், வேறு ஒப்பந்ததாரர். பொக்லைன் வாளி சுவரோரம் இறங்கி அடிமண்ணையும் சேர்த்து அள்ளினால், கட்டிய சுவரை நாமே அந்தரத்தில் நிறுத்துகிறோம். தூர்வாரும் ஒப்பந்தத்தில் ‘சுவரடியிலிருந்து இவ்வளவு தூரம் தொடக்கூடாது, இந்த மட்டத்துக்குக் கீழே தோண்டக்கூடாது’ என்று எழுதச் செலவே இல்லை.

அடித்தள வேலை மண்ணால் மூடப்படும். ஆகவே மூடுமுன் மட்டம் பார்த்து, படம் எடுத்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே ஒப்பந்ததாரருக்கு அந்தத் தவணைப் பணம் போக வேண்டும். மேல்சுவரை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், அவசரமில்லை.

தெரு வடிகால் கால்வாயில் விழும் வாயைத்தான் பெரும்பாலும் கரை வேலை, வடிகால் வேலை என்ற இரு தரப்பு எஸ்டிமேட்டும் விட்டுவிடுகின்றன. குழாயிலிருந்து விழும் நீர் நேர் கீழே குழி பறித்து, இருபுறச் சுவரையும் இழுக்கும். அங்கே ஒரு கல் தளமும் எதிர்ச்சுவரும் போடும் செலவை வடிகால் வேலையிலேயே சேர்த்துவிடுவது சரி, ஏனென்றால் குழி அந்த வடிகால் பறித்தது.