துபாய்க்கு சரக்கு அனுப்புகிறீர்களா? சான்றிதழின் வகையைப் பாருங்கள்

இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆயத்த ஆடை உட்பட நம் பொருட்கள் பலவற்றுக்கு அங்கே 5 சதவீத இறக்குமதி வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து சேராது. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் சான்றிதழ்தான் ஆரிஜின் சர்டிபிகேட். சரக்கோடு அதில் சலுகை வகை, அதாவது ‘பிரிஃபரன்ஷியல்’, போக வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் குழந்தைகள் உடை தைக்கும் ஒரு அக்காவுக்கு ஏஜென்ட் வாங்கிக் கொடுத்தது ‘நான்-பிரிஃபரன்ஷியல்’. அதுவும் ஆரிஜின் சர்டிபிகேட்தான், முத்திரையும் இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் வரிச் சலுகை கிடைக்காது. துபாயில் சரக்கை வாங்கியவர் தான் கட்டிய வரியை அக்காவின் பில்லில் கழித்துக்கொண்டார். சான்றிதழ் தரும் கவுன்ட்டரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பிக்கும்போதே ஒப்பந்தத்தின் பெயரைத் தேர்வு செய்திருக்கிறார்களா என்று நீங்களே திரையில் பாருங்கள்.

அடுத்த பொறி, ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்களுக்கு மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் (டிஜிஎஃப்டி) தரும் எண். அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் ஆயிரக்கணக்கில் கறக்கின்றன, கொடுக்காதீர்கள். எண் வாங்கியதோடு வேலை முடியாது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எந்த விவரமும் மாறாவிட்டாலும், டிஜிஎஃப்டி தளத்தில் புகுந்து உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். அது தெரிய வருவது பெரும்பாலும் சரக்கு துறைமுக வாசலில் நிற்கும்போதுதான்.

பொருளின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ் எண், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் (சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதி ஆவணம்), ஆரிஜின் சான்றிதழ் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். துணி சீனாவிலிருந்து வந்ததென்றால் இங்கே தைத்தது மட்டும் போதுமா என்பதை ஒப்பந்தத்தில் அந்தப் பொருளுக்கு இருக்கும் விதிதான் சொல்லும். ஆர்டர் எடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். துணி வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கேட்பார்கள்.

ஆரிஜின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம் வாங்க வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னால், ஆதார் வழி கையெழுத்து போதும் என்று சொல்லுங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் புதிய தளத்தில் அந்த வசதி இருக்கிறது.

அப்புறம், சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் உள்ள டிஜிஎஃப்டி அலுவலகத்துக்குப் போனால் ‘இது சரியில்லை, நாளைக்கு வாங்க’ என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள். என்ன குறை என்பதைத் தளத்தில் எழுத்தாகப் பதியச் சொல்லுங்கள். பதிலையும் அங்கேயே போடுங்கள்.